மறுமலர்ச்சி ஓவியங்களைப் படமெடுக்க எந்த அருங்காட்சியகத்துக்குப் போகலாம்?

இத்தாலியில், ஃப்ளாரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்தில், போத்திச்செல்லியின் 'வீனஸின் பிறப்பு' முன்னால் நின்று எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து வேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் ரோம். அங்கே வாட்டிகனில், சிஸ்டைன் தேவாலயத்தின் கூரையை நோக்கி போனைத் தூக்கினால் காவலர் அதட்டுவார். பாரிஸின் லூவர் அனுமதிக்கிறது, மாட்ரிட்டின் பிராடோ மறுக்கிறது. லண்டனின் நேஷனல் கேலரி 2014 வரை மறுத்துவிட்டு, இப்போது தாராளமாக விடுகிறது. எல்லாமே ஏறக்குறைய ஒரே காலத்து ஓவியங்கள்தான். ஓவியத்தின் பாதுகாப்பு ஒன்றே காரணமாக இருந்தால் விதி இப்படி ஊருக்கு ஊர் மாறாது. கூட்டம், பழைய ஒப்பந்தம், வழிபாடு, நிர்வாகத்தின் மனப்போக்கு எல்லாம் சேர்ந்துதான் இந்த அறிவிப்புப் பலகைகளை எழுதுகின்றன.

பயணத்தில் இரண்டு மூன்று கூடங்களுக்குத்தான் நேரம் இருக்கும், அதில் நாலு நல்ல படமும் எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு எது சரி என்பதுதான் இங்கே கேள்வி. 'படமெடுக்க விடுகிறார்களா' என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்கே போய் நாம் எடுக்கும் படம், அந்தக் கூடத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும் படத்தைவிட ஏதாவது கூடுதலாகக் காட்டுமா? என் அளவுகோல் இதுதான்.

ஓவியத்தை நேருக்கு நேர், முழுசாக, நிறம் மாறாமல் எடுப்பதில் அருங்காட்சியகத்தின் சொந்தப் புகைப்படக்காரரை நாம் ஜெயிக்கப் போவதில்லை. கூட்டமில்லாத நேரம், சீரான விளக்கு, நிறத்தைச் சரிபார்க்கும் அட்டை எல்லாம் அவருக்கு உண்டு. நமக்கு இருப்பது முன்னால் நிற்பவரின் தோளும், கண்ணாடியில் தெரியும் நம் சட்டையும். அதுவும் போக, அவர் எடுத்ததை இன்று இலவசமாகவே தருகிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல், பதிப்புரிமை இல்லாத படைப்புகளின் சுமார் 3,75,000 படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. வாஷிங்டனின் நேஷனல் கேலரி 2012லேயே தொடங்கிவிட்டது. லூவர் 2021இல் 4,80,000க்கும் மேற்பட்ட படைப்புகளை இணையத்தில் ஏற்றியது. ஆக, நாம் எடுக்க வேண்டியது அவர்கள் எடுக்காததை: ஓவியத்தின் சட்டகம், அதன் பின்புறம், ஒரு ஆள் பக்கத்தில் நின்றால் தெரியும் அளவு, பக்கவாட்டு வெளிச்சத்தில் தூரிகை விட்ட மேடு, அதே சுவரில் பக்கத்தில் மாட்டியிருக்கும் இன்னொரு ஓவியம்.

இந்தக் கணக்கில் எனக்கு முதலிடம் லண்டன்தான். நேஷனல் கேலரியில் நுழைவு இலவசம், நிரந்தரத் தொகுப்பை ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். 2014இல் விதியை மாற்றியதற்கு அவர்கள் சொன்ன காரணம் சுவாரஸ்யமானது. கூடத்தில் வைஃபை வந்துவிட்டது. போனைத் தூக்குகிறவர் ஓவியத்தைப் பற்றிப் படிக்கிறாரா படமெடுக்கிறாரா என்று ஊழியர்களால் பிரித்தறிய முடியவில்லை. தடையை அமல்படுத்த முடியாத நிலையில் தடையையே எடுத்துவிட்டார்கள். உத்தியோகபூர்வமான ஒரு விளக்கத்தில் இவ்வளவு வெளிப்படைத்தன்மையைப் பார்ப்பது அபூர்வம்.

அங்கே எடுக்கச் சிறந்தது ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த 'தூதுவர்கள்'. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் பெரிய பலகை. கீழே குறுக்காக ஏதோ இழுபட்ட சாம்பல் நிறக் கறை தெரியும். ஓவியத்தின் வலது ஓரத்துக்குப் போய்ச் சுவரை ஒட்டியபடி பார்த்தால் அது மண்டையோடாகத் திரளும். நேர்ப் படத்தில் அந்த மாற்றம் வராது. வலப்பக்கம் நகர்ந்தபடி ஐந்தாறு படம் வரிசையாக எடுத்தால், கறை மெல்ல மண்டையோடாக மாறுவது உங்களிடம் பதிவாகிவிடும். யான் வான் ஐக்கின் 'அர்னோல்ஃபினி தம்பதி' (1434) வெறும் 82 செ.மீ. உயரம்தான். அதன் நடுவில் உள்ள குவிந்த கண்ணாடியையும், மேலே ஓவியர் எழுதிவைத்த கையொப்பத்தையும் நெருங்கி எடுக்கலாம். ஆனால் சுற்றியுள்ள சுவரையும் சேர்த்து எடுத்த படம்தான் எனக்குப் பிடிக்கும். புத்தகங்களில் முழுப்பக்கத்துக்குப் பார்த்துப் பழகியவர்கள், அது இவ்வளவு சின்னதா என்று கேட்பார்கள்.

ஒரு சிக்கல். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு லண்டனுக்குத் தனி விசா வேண்டும், ஷெங்கன் விசா செல்லாது. இத்தாலியும் பிரான்சும் ஸ்பெயினும் ஒரே விசாவில் முடிந்துவிடும். வாட்டிகனுக்கு ரோம் வழியாக நடந்தே நுழைந்துவிடலாம். படத்துக்காக மட்டும் இன்னொரு விசாக் கட்டணமா என்றால், பெரும்பாலானவர்களுக்கு விடை 'இல்லை' என்பதாகவே இருக்கும். அவர்களுக்கு என் அடுத்த தேர்வு உஃபிஸி.

இத்தாலியில் 2014க்கு முன் அரசு அருங்காட்சியகங்களில் படமெடுப்பது பெரும்பாலும் ரகசிய வேலை. அந்த ஆண்டு கலாசார அமைச்சர் டாரியோ ஃப்ரான்செஸ்கினி கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு, வியாபார நோக்கம் இல்லாமல், ஃபிளாஷ் இல்லாமல், டிரைபாட் (முக்காலி) இல்லாமல் எடுப்பதற்குத் தடை விலகியது. உஃபிஸியின் போத்திச்செல்லி அறைகள் 2016இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டன. 'வீனஸின் பிறப்பு' இப்போது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, நல்ல கண்ணாடிதான் என்றாலும் வெளிர் உடுப்பு அணிந்தவர்கள் அதில் தெரிவார்கள். அந்தக் கூட்டத்தோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில், பியரோ டெல்லா ஃப்ரான்செஸ்காவின் உர்பினோ பிரபு, அவர் மனைவி இருவரின் இரட்டை உருவப்படத்துக்குப் போங்கள். சுற்றி நடந்து பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் இருவரின் பக்கமுகம். பின்பக்கம் இருவரும் வெற்றித் தேர்களில் வருகிறார்கள். பின்புறத்தைப் பார்ப்பவர்களே குறைவு, எடுப்பவர்கள் இன்னும் குறைவு.

அதேபோல் மைக்கேலாஞ்சலோவின் வட்ட ஓவியமான 'டோனி டோண்டோ'. அதன் மரச் சட்டகத்தில் ஐந்து தலைகள் முப்பரிமாணமாக வெளியே எட்டிப் பார்க்கின்றன. பல புத்தகங்கள் சட்டகத்தை வெட்டிவிட்டு ஓவியத்தை மட்டும் அச்சிடுகின்றன. சற்றே பக்கவாட்டில் நின்று எடுத்தால் தலைகளின் நிழலும் விழும். அதை வரையச் சொன்ன ஆன்யோலோ டோனியையும் அவர் மனைவி மத்தலேனாவையும் ரஃபேல் தனித்தனியாக வரைந்திருக்கிறார். 2018இல் இவை மூன்றையும் ஒரே அறையில் சேர்த்து வைத்தார்கள். பணம் கொடுத்தவர்களையும் வாங்கிய பொருளையும் ஒரே பார்வையில் காட்டும் படம் கிடைக்கிற இடம் அது.

இந்தச் சலுகை எவ்வளவு நாளைக்கு என்பது வேறு விஷயம். 2025 ஜூனில் உஃபிஸியின் ஒரு தற்காலிகக் கண்காட்சியில், ஃபெர்டினாண்டோ தெ மெடிச்சியின் உருவப்படத்தைப் போலவே பாவனை காட்டிப் படமெடுக்க முயன்ற பார்வையாளர் பின்பக்கமாகத் தடுமாறி ஓவியத்தில் மோதி, துணி கிழிந்தது. மீம் போடுவதற்காக வருகிறவர்களுக்கு வரம்பு வைக்கப்போவதாக நிர்வாகம் அப்போது அறிவித்தது. ஆகவே கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் விதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

லூவரைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். மோனா லிசாவைப் படமெடுக்க லூவருக்குப் போகிறேன் என்றால், போகாதீர்கள். 77க்கு 53 செ.மீ. பலகை, குண்டு துளைக்காத கண்ணாடி, சில மீட்டர் தள்ளித் தடுப்பு, இவற்றுக்கு முன்னால் தேர்த் திருவிழாக் கூட்டம். எல்லோரும் கையைத் தூக்கி எடுக்கும் அந்தப் படத்தில் மற்றவர்களின் போன்கள்தான் விழும். அதுவே ஒரு நல்ல படம் என்பவர்களும் உண்டு, எனக்கு அலுத்துவிட்டது. அந்த அறையிலேயே முதுகைத் திருப்பினால் வெரோனேசேயின் 'கானாவூர்த் திருமணம்' (1563). ஏறக்குறைய பத்து மீட்டர் அகலம். அதன் முன் நிற்கும் மனிதர்களைச் சேர்த்து எடுத்தால்தான் அந்த அளவு படத்தில் வரும். கூட்டமே இங்கே நமக்கு உதவி செய்கிறது. மோனா லிசாவுக்குத் தனி அறை கட்டப்போவதாக 2025 ஜனவரியில் பிரான்ஸ் அதிபர் மாக்ரோன் அறிவித்தார். அதுவரை இந்த இரண்டும் எதிரெதிரேதான்.

லூவரின் உண்மையான லாபம் பக்கத்தில் உள்ள நீண்ட பெரிய கூடத்தில் இருக்கிறது. லியோனார்டோவின் 'பாறைகளின் கன்னி' அங்கே பெரிய நெரிசல் இல்லாமல் தொங்குகிறது. இதே ஓவியத்தின் இரண்டாவது வடிவம் லண்டன் நேஷனல் கேலரியில். பாரிஸ் வடிவத்தில் தேவதூதர் நம் பக்கம் பார்த்து, குழந்தை யோவானை நோக்கி விரலை நீட்டுகிறார். லண்டனில் அந்த விரல் இல்லை, தலைகளைச் சுற்றி ஒளிவட்டங்கள் இருக்கின்றன. இரண்டு ஊருக்கும் போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் வேலை இது: தேவதூதரின் கை, மரியாளின் கை, முன்னால் உள்ள செடிகள் என்று ஒரே பகுதிகளை ஒரே தூரத்தில் இரண்டு இடத்திலும் எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்.

மிலானில் 'கடைசி இராவுணவு' இருக்கும் உணவுக்கூடத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். ஆனால் உள்ளே இருக்க அனுமதிக்கும் நேரமே 15 நிமிடம்தான், சிறு சிறு குழுவாக, காற்றைக் கட்டுப்படுத்தும் கதவுகள் வழியாக. லியோனார்டோ ஈரச் சுண்ணத்தில் வரையாமல் காய்ந்த சுவரில் வரைந்ததால் அது அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கியது. 1978 முதல் 1999 வரை நடந்த சீரமைப்புக்குப் பிறகு எஞ்சியதுதான் நாம் பார்ப்பது. அந்த 15 நிமிடத்தில் கேமராவுக்குக் கடைசி இரண்டு நிமிடம் போதும். அதில் ஒன்றை எதிர்ச் சுவருக்குக் கொடுங்கள். மொன்தோர்ஃபானோ 1495இல் ஈரச் சுண்ணத்தில் வரைந்த சிலுவைக் காட்சி அங்கே திடமாக நிற்கிறது. லியோனார்டோவின் சோதனை என்ன ஆனது என்பதை இந்த இரண்டு சுவர்களின் படமும் சேர்ந்து சொல்லிவிடும்.

இனி மறுக்கும் இடங்கள். பிராடோவில் படமெடுக்கக் கூடாது, பேச்சே இல்லை. போஷின் 'இன்பத் தோட்டம்' போல எறும்புக் கூட்டமாய் உருவங்கள் நிறைந்த ஓவியத்தின் முன்னால்தான் கை கேமராவைத் தேடும். ஆனால் பிராடோவின் தளத்தில் அதை வெறுங்கண்ணுக்குத் தெரியாத நுணுக்கம் வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். 2009லேயே கூகுளோடு சேர்ந்து 14 முக்கிய ஓவியங்களை 14,000 மெகாபிக்சல் வரை பதிவு செய்தவர்கள் அவர்கள். எனவே இங்கே தடையால் நமக்கு நட்டம் குறைவு. லாபம் என்னவென்றால் வான் டெர் வெய்டனின் 'சிலுவையிலிருந்து இறக்குதல்' முன்னால் யாரும் முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பதில்லை. லூவரிலிருந்து நேராக பிராடோவுக்கு வருகிறவர்கள் இந்த வித்தியாசத்தை முதல் அறையிலேயே உணர்வார்கள். படமெடுக்கும் உரிமையை நான் ஆதரிப்பவன்தான். ஆனாலும் பிராடோவின் விதி மாறிவிடக் கூடாது என்றே நினைக்கிறேன், அதில் முரண்பாடு இருந்தால் இருக்கட்டும்.

மாட்ரிட்டில் கேமராவுக்கும் தீனி வேண்டும் என்றால், சாலையைக் கடந்து சில நிமிடம் நடந்தால் தைசென்-போர்னமிசா அருங்காட்சியகம். நிரந்தரத் தொகுப்பை ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். கிர்லாண்டாயோ வரைந்த ஜொவான்னா தொர்னபுவோனியின் பக்கமுகம் ஒன்றுக்காகவே போகலாம்.

சிஸ்டைன் தடை வேறு கதை. 1980இல் தொடங்கி 1994 வரை நீண்ட சீரமைப்புக்கு ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி பணம் கொடுத்தது. கைமாறாகப் படமெடுக்கும் தனியுரிமை அவர்களுக்குப் போனது. ஒவ்வொரு கட்டமும் முடிந்து மூன்று ஆண்டில் அந்த உரிமை காலாவதியாகிவிட்டது. தடை மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. போப்பைத் தேர்ந்தெடுக்கும் இடமும் அதுதான், 2025 மே மாதத்தில்கூட அங்கேதான் நடந்தது. வழிபாட்டிடம் என்பது நியாயமான வாதம். தினமும் ஆயிரக்கணக்கானோர் நகரும் அறையில் எல்லோரும் நின்று மேலே எடுத்தால் வாசல் அடைத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. கூரை சுமார் 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போனில் எடுத்தால் ஆதாமின் விரல் ஒரு துணுக்காகத்தான் வரும். வாட்டிகனே தன் தளத்தில் சுற்றிச் சுழற்றிப் பார்க்கும் வசதி வைத்திருக்கிறது. மறைத்து இடுப்பளவில் வைத்து எடுக்கிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும், அவர்களுக்குக் கிடைப்பது சாய்ந்த மங்கல்.

வாட்டிகனின் மற்ற பகுதிகளில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை. ரஃபேலின் 'ஏதென்ஸ் கல்விக்கூடம்' உள்ள அறையில் எடுக்கலாம், ஆனால் கூட்டம் தள்ளிக்கொண்டே போகும். ஓவியக் கூடமான பினாக்கோதேக்காவுக்குப் பெரும்பாலான குழுக்கள் போவதே இல்லை. ரஃபேலின் கடைசி ஓவியமான 'உருமாற்றம்', லியோனார்டோ முடிக்காமல் விட்ட 'புனித ஜெரோம்' இரண்டும் அங்கேதான். முடிக்காத ஓவியத்தில் கோடு எங்கே நின்றது, வண்ணம் எங்கே தொடங்கியது என்பது நெருங்கி எடுத்தால்தான் தெரியும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. வாஷிங்டன் நேஷனல் கேலரி இலவசம், ஃபிளாஷும் டிரைபாடும் இல்லாமல் எடுக்கலாம். லியோனார்டோவின் 'ஜினேவ்ரா தெ பென்சி' முன்னும் பின்னும் பார்க்கும்படி தனியாக நிறுத்தப்பட்டிருக்கிறது. பின்புறத்தில் லாரல் கொப்பும் ஈச்ச ஓலையும் சுற்றிய ஜூனிபர் கிளை.

கருவி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓவியங்களுக்கு 150 முதல் 200 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), காகிதத்தில் வரைந்தவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் என்பது பொது வழக்கம். 150 லக்ஸில் லென்ஸ் திறப்பை எஃப் 2.8, ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ 800 என்று வைத்தால் 1/60 நொடி கிடைக்கும், கையில் பிடித்தே எடுக்கலாம். டிரைபாடைத் தடுக்கிறார்களே என்று வருந்த வேண்டாம். ஃபிளாஷ் விஷயத்திலும் அப்படித்தான்: வார்னிஷிலும் கண்ணாடியிலும் பட்டு வெள்ளைத் திட்டாகத் திரும்பும், அனுமதித்தாலும் பயன்படாது. கேமராவில் குவியத்துக்கு உதவும் சின்ன ஆரஞ்சு விளக்கை அணைத்துவிடுங்கள், காவலர்கள் அதையும் ஃபிளாஷ் என்றே எடுத்துக்கொள்வார்கள். போன் என்றால் அகல லென்ஸைத் தவிர்த்து இரண்டு மடங்கு லென்ஸில் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால் சட்டகம் கோணாது. கறுப்புச் சட்டை போட்டுப் போனால் கண்ணாடியில் நாம் குறைவாகத் தெரிவோம். போலரைசர் ஃபில்டர் நேர்ப் பிரதிபலிப்பை நீக்காது, வெளிச்சத்தை மட்டும் தின்னும், அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

எடுத்த படத்தை நண்பர்களுக்கு அனுப்புவதிலும் முகநூலில் போடுவதிலும் பிரச்சினை இல்லை. சட்டையிலும் காலண்டரிலும் அச்சடித்து விற்க நினைத்தால் மட்டும் இத்தாலி மற்ற நாடுகளைப் போல இல்லை. ஓவியர் இறந்து 500 ஆண்டு ஆகியிருந்தாலும், 2004ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துச் சட்டப்படி வியாபாரப் பயன்பாட்டுக்கு அனுமதியும் கட்டணமும் தேவை. வீனஸைத் துணியில் அச்சடித்த ஜான் பால் கோத்தியே என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனத்தின் மீது உஃபிஸி 2022இல் வழக்குக்குப் போனது. லியோனார்டோவின் 'விட்ருவிய மனிதனை'த் துண்டுகளைச் சேர்க்கும் படப்புதிராக விற்ற ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கருக்கு வெனிஸ் நீதிமன்றம் தடை போட்டது. இத்தாலியச் சட்டம் எல்லை தாண்டிச் செல்லாது என்று ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. விற்கும் எண்ணம் இருந்தால் இந்தச் சண்டைக்குள் போகாமல் வாஷிங்டனும் நியூயார்க்கும் திறந்துவிட்ட படங்களை எடுத்துக்கொள்வதே நிம்மதி.

ஒரே ஷெங்கன் விசாவில் பத்து நாள் என்றால் என் தேர்வு இப்படி இருக்கும்: உஃபிஸிக்கு ஒரு முழு நாள், லூவரின் பெரிய கூடத்துக்கு ஒரு மாலை, வாட்டிகனில் பினாக்கோதேக்காவுக்கு மட்டும் கேமரா. நேரம் மிஞ்சினால் மாட்ரிட், அங்கே பிராடோவுக்கு வெறுங்கையோடு. லண்டன் விசாவும் இருந்தால் உஃபிஸி நாளைப் பாதியாக வெட்டி, மிச்சத்தை நேஷனல் கேலரிக்குக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமைகளில் அது இரவு 9 மணி வரை திறந்திருக்கும், கடைசி இரண்டு மணி நேரத்தில் ஹோல்பைனின் வலது ஓரம் பெரும்பாலும் காலியாகக் கிடைக்கும். உஃபிஸி திங்கள் விடுமுறை, லூவர் செவ்வாய். எந்த ஊரிலும் தற்காலிகக் கண்காட்சிக்குள் நுழைந்தால் விதி மாறும், இரவல் கொடுத்தவர் மறுத்திருப்பார். ஓவியத்தின் பெயர்ப் பலகையில் குறுக்குக் கோடு போட்ட கேமரா படம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.